அப்பாவின் 94 ஹைலக்ஸ்: வீட்டு முற்றத்தில் எவ்வளவு தூரம் போகலாம்?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். அப்பா ஓடிய 1994 ரொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கப், மொடல் எல்.என். 106, 3எல் டீசல் எஞ்சின். அவர் போன பிறகு நாலு வருடமாகக் கொட்டிலுக்குள் நிற்கிறது. புதுப் பற்றறி போட்டதும் ஸ்ராட் வந்துவிட்டது. ஆனால் காலையில் வெள்ளைப் புகை தள்ளுகிறது, முன் சில்லின் உள்பக்கம் கறுப்பாக ஏதோ ஒழுகுகிறது, பிறேக் மிதித்தால் கால் கீழே போகிறது. கராஜுக்குக் கொடுக்காமல் கிளிநொச்சி வீட்டு முற்றத்திலேயே வைத்து நீங்களே செய்ய விருப்பம். கையோடு 31 அங்குல ரயர், இரண்டு அங்குல உயர்த்தல், எல்.ஈ.டி. விளக்கு, முடிந்தால் ஒரு ரேர்போ (எஞ்சினுக்குள் மேலதிகக் காற்றைத் தள்ளி இழுவையைக் கூட்டும் சாதனம்). எதில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் தந்த பட்டியலைப் பார்த்தால் உண்மையான கேள்வி வேறு என்று படுகிறது: இந்த வாகனத்தில் காசு போடலாமா, போட்டால் எந்த வேலை என் கைக்கு அடங்கும், எது அடங்காது. அதற்குத்தான் எழுதுகிறேன்.

நான் பதினேழு வயதில் வவுனியாவில் ஒரு கராஜில் சாமான் கழுவத் தொடங்கியவன். இடையில் ஒன்பது வருடம் கட்டாரில். இப்போது மறுபடி இங்கேதான். மொத்தம் 28 வருடம், அதில் பாதி நேரம் இந்த வகை ஹைலக்ஸ்களுக்குக் கீழே படுத்துத்தான் போயிருக்கும். டீசல் பம்பை உள்ளே திறந்து வேலை செய்யத் தெரிந்தவன் அல்ல. அது பம்ப் அறை வைத்திருப்பவர்களின் வேலை. பெயின்ற் வேலையும் எனக்குச் சரிவராது. அந்த இரண்டைப் பற்றி நான் சொல்வதைக் கேட்டுக் காசு செலவழிக்க வேண்டாம்.

காசு போடலாமா என்றால், சசி, அதாவது வாகனத்தின் அடிச்சட்டம், நன்றாக இருந்தால் போடலாம். நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடத்தில் பழைய கெப்களின் விலை எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும். விலையை விட்டாலும் இது திருத்துவதற்கு நல்ல வாகனம். 1988 முதல் 1997 வரை வந்த தலைமுறை. எஞ்சினுக்குக் கம்பியூட்டர் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் 3எல் எஞ்சினுக்குத் தேவையான மின்சாரம் டீசல் பம்பில் இருக்கும் ஒரு சொலனொயிட்டுக்கு (டீசலைத் திறந்து மூடும் மின் வால்வ்) மட்டும்தான். சாவியைத் திருப்பும்போது அது 'டிக்' என்றால் பாதிப் பிரச்சினை இல்லை என்று அர்த்தம். ஒரு விடயம் முதலில் செய்யுங்கள்: எஞ்சின் புளொக்கில் அடித்திருக்கும் எழுத்தை நீங்களே பாருங்கள், புத்தகத்தை நம்ப வேண்டாம். 2எல் என்றால் 2446 சீசீ, 3எல் 2779, 5எல் 2986. மூன்றும் ஒரே குடும்பம், வெளியில் இருந்து பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். முப்பது வருடத்தில் யாராவது எஞ்சினை மாற்றியிருக்கலாம். கடையில் போய் 'ஹைலக்ஸ் டீசல்' என்று மட்டும் சொன்னால் 2எல்லின் ஹெட் காஸ்கெற்றை, அதாவது சிலிண்டர்களுக்கும் அவற்றின் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் வைக்கும் தகட்டை, கட்டித் தந்துவிடுவார்கள். 2எல்லின் சிலிண்டர் விட்டம் 92 மில்லிமீற்றர், உங்களுடையது 96. ஹெட் கழற்றிய பிறகுதான் தெரியவரும்.

இனி சசி. எல்லாவற்றுக்கும் முன்னால் இது. ஒரு சிறிய சுத்தியல், ஒரு ஸ்குறூ டிறைவர், ஒரு ரோர்ச். வாகனத்துக்குக் கீழே போய் இரண்டு பக்கச் சட்டத்தையும் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு மணி போலச் சத்தம் தரும். உள்ளே துரு தின்ற இடம் மொத்தையான சத்தம் தரும், சுத்தியலும் துள்ளாது. முக்கியமாகப் பின் அக்சிலுக்கு (சில்லுகளை இணைக்கும் அச்சு) மேலே சட்டம் வளையும் இடம், ஸ்பிறிங் தாங்கிகள் பிடித்திருக்கும் இடங்கள். இது பெட்டிச் சட்டம் என்பதால் தண்ணீரும் மண்ணும் உள்ளே தங்கும், துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியே கறுப்புப் பெயின்ற் பளபளக்கும்போது உள்ளே காகிதமாகிப் போன சட்டங்களைப் பார்த்திருக்கிறேன். பருத்தித்துறை, மன்னார் போன்ற கடற்கரைப் பக்கம் ஓடிய வாகனம் என்றால் இன்னும் கவனம். புதிதாகத் தார் போல எதையோ பூசியிருந்தால் அந்த இடத்தைச் சுரண்டிப் பாருங்கள், சும்மா ஒருவரும் பூச மாட்டார்கள். ஸ்குறூ டிறைவர் உள்ளே போனால் அதோடு நிறுத்துங்கள். உள்ளங்கை அளவு ஓட்டையை நல்ல வெல்டர் ஒருவர் வெட்டி எடுத்துத் தகடு வைத்துச் சரிசெய்வார். ஸ்பிறிங் தாங்கியோடு சேர்ந்து போயிருந்தால் இந்த வாகனத்தில் வேறு எதற்கும் ஒரு சதம் போட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. சசியைப் பார்க்காமல் இதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது.

கீழே போகும்போது: ஜக்கை நம்பி ஒருநாளும் தலையை உள்ளே விட வேண்டாம். எனக்கு இடது முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறது. இருபது வயது. ஒரு போல்டைத்தானே இறுக்கப்போகிறேன், இரண்டு நிமிட வேலை என்று ஜக்கில் மட்டும் நிறுத்திப் போனேன். முற்றத்து மணல் ஒரு பக்கம் இறங்கியது, ஜக் சரிந்தது, அக்சிலின் நடுவில் இருக்கும் கியர்க் குண்டு, டிஃபரன்சல், வந்து கையில் இருந்தது. கழற்றிய சில்லை நான் பக்கத்தில் படுக்கப் போட்டிருந்தேன். சசி அதில் வந்து முட்டியதால்தான் இதை எழுதுகிறேன். ஜக்கால் தூக்கியதும் வாகனத்தை இரும்பு ஸ்ராண்டில் இருத்துங்கள். உங்கள் முற்றமும் மணல் என்றால் ஸ்ராண்டுக்குக் கீழே தடித்த பலகையோ தண்டவாளக் கட்டைத் துண்டோ வையுங்கள். சீமெந்துக் கல்லை வைக்க வேண்டாம், அது சொல்லாமல் உடையும். நிலத்தில் இருக்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் முட்டுக் கொடுங்கள். பின் சில்லைத் தூக்கினால் ஹாண்ட் பிறேக் ஒன்றுக்கும் உதவாது, அது பின் சில்லுகளைத்தான் பிடிக்கிறது.

அடுத்தது பிறேக். ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும். கால் கீழே போகிறது என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், அது போகும் விதம் மூன்று. எஞ்சினை ஓடவிட்டு ஒரே சீராக அழுத்திப் பிடிக்கும்போது மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போய், எங்கும் ஒயில் ஒழுகவில்லை என்றால் மாஸ்ரர் சிலிண்டரின் (மிதியின் அழுத்தத்தை ஒயிலுக்குக் கொடுக்கும் பகுதி) றப்பர் போய்விட்டது. இது ஏறக்குறைய நிச்சயம். பஞ்சு போல அமுங்கினால் உள்ளே காற்று. முதல் மிதியில் அடிக்குப் போய், இரண்டு மூன்று தரம் மிதித்தால் மேலே வந்து கல்லாக நின்றால் பின் சில்லுகளின் பிறேக் ட்றம்களில், ட்றம்மை உரசிப் பிடிக்கும் சூ தூரத்தில் நிற்கிறது. ஹைலக்ஸில் இந்த மூன்றாவது மிகவும் வழமை. காரணம் பலருக்குத் தெரியாது: பின் சூக்கள் தாமாக நெருங்கி வருவதற்கு ஹாண்ட் பிறேக் இழுக்கும்போது அசையும் ஒரு சிறிய வளைந்த நெம்பு வேண்டும். அது பின் தட்டின் வெளிப்பக்கம், சேறு அடிக்கும் இடத்தில் இருக்கிறது. துருப்பிடித்து இறுகிவிட்டால் சூ நெருங்காது, ஆட்கள் மாஸ்ரர் சிலிண்டரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கழற்றித் தேய்த்துக் கிறீஸ் போட அரைநாள். செலவு ஒன்றுமில்லை.

எந்த விதமாக இருந்தாலும் நாலு வருடம் நின்ற பிறேக் ஒயிலை முழுதாக வெளியே எடுங்கள். அது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். இறக்கத்தில் சூடானதும் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி மிதி காற்றாகிப் போகும். டொட் 3 வகை ஒயில், மூடி உடைக்காத புது டப்பா. பின் ட்றம்களைக் கழற்றி வீல் சிலிண்டரின் றப்பர் மூடியை நகத்தால் தூக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் மாற்ற வேண்டும். தேய்த்துப் பழையபடி போடும் வேலை இந்தக் காலத்துக்குத் தேவையில்லை. பிறேக் லைனில் இருந்து காற்று எடுக்கும்போது பின் அக்சிலுக்கு மேலே சசியில் இருக்கும், சுமை பார்த்துப் பிறேக்கைப் பங்கிடும் வால்விலும் ஒரு காற்றுத் திருகு இருக்கிறது, அதை மறந்தால் பஞ்சுத்தன்மை போகாது. இந்த வால்வ் ரயர் கதை வரும்போது மறுபடி வரும். பிறேக் இரும்புப் பைப்பில் துரு செதில் செதிலாக இருந்தால் புதுப் பைப் வளைத்துப் போட ஒருவரிடம் கொடுங்கள். கருவி இல்லாமல் நுனி விரித்த பைப்பை நம்பி நான் பிள்ளைகளை ஏற்ற மாட்டேன்.

முன் சில்லின் உள்பக்கம் ஒழுகும் கறுப்பு. இதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் எல்.என். 106 வைத்திருப்பவர் எல்லோரும் ஒருநாள் இதைக் கேட்பார்கள். இந்த மொடலில் முன்னுக்கும் உறுதியான அக்சில், லீஃப் ஸ்பிறிங். அக்சிலின் நுனியில் ஒரு உருண்டை, அதைச் சுற்றி நக்கிள் என்ற வீடு திரும்புகிறது. உருண்டைக்குள், சில்லு திரும்பி நின்றாலும் அதைச் சுழற்றும் பேர்ஃபீல்ட் ஜொயின்ற், அதைச் சுற்றித் தடித்த கிறீஸ். உருண்டையின் மேல் மெல்லிய கிறீஸ் படலம் இருப்பது குறையில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். ஒழுகினால்தான் பிரச்சினை. விரலில் எடுத்துத் தேய்த்து மணந்து பாருங்கள். கஞ்சி போலத் தண்ணியாக, கந்தக நாற்றம் அடித்தால் டிஃபரன்சல் ஒயில் உள் சீலைத் தாண்டி வந்து கிறீஸைக் கரைத்துவிட்டது. அந்த நாற்றம் இல்லாமல் வழுக்கி, பட்ட இடத்தில் பெயின்ற் பொங்கியிருந்தால் அது பிறேக் ஒயில், முன் பிறேக்கை இறுக்கும் கலிப்பரைப் பாருங்கள்.

டிஃபரன்சல் ஒயில் என்றால், சீல் மாற்றுவதற்கு முதல், முன் அக்சிலின் மேலே இருக்கும் சிறிய காற்று வால்வை வாயால் ஊதிப் பாருங்கள். (துடைத்துவிட்டுத்தான்!) அது சேறு அடைத்தால் ஓடும்போது உள்ளே அழுத்தம் ஏறும், ஒயில் சீலைத் தள்ளிக்கொண்டு வரும், நீங்கள் புதுச் சீல் போட்டாலும் இரண்டு மாதத்தில் மறுபடி கஞ்சி. இதைப் பார்க்காமல் மூன்று தரம் சீல் மாற்றிய ஒருவர் நான்காவது தரம் என்னிடம் வந்தார்.

நக்கிள் வேலையை வீட்டில் செய்யலாம், அழுக்கான வேலை, ஆனால் கடினமான வேலை இல்லை. முதல் தரம் என்றால் ஒரு பக்கத்துக்கு ஒரு முழு நாள் வையுங்கள். 54 மில்லிமீற்றர் சொக்கெற் ஒன்று வேண்டும். ஹப் (சில்லு பூட்டும் நடுப்பகுதி) நட்டை உளியால் தட்டிக் கழற்றும் பழக்கம் இங்கே இருக்கிறது, உங்கள் நட்டில் ஏற்கனவே உளித் தழும்பு இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஹப்பிலும் நக்கிள் கையிலும் நட்டைக் கழற்றிய பிறகும் ஒன்றும் அசையாது. அங்கே கூம்பு வடிவ வோஷர்கள் இறுகியிருக்கும். ஸ்குறூ டிறைவர் விட்டு நெம்பினால் விளிம்பு உடையும். நட்டைத் திருப்பி ஸ்ரட்டின் நுனியோடு மட்டமாக வைத்து, பித்தளைக் கட்டையை அதன்மேல் பிடித்து, கனமான சுத்தியலால் நேராக ஒரே அடி. இரண்டாவது மூன்றாவது அடியில் அந்தக் கூம்பு ஒரு கடலைக்கொட்டை போலத் துள்ளி வெளியே வரும். முதல் தரம் அது துள்ளும்போது வரும் சந்தோசம் தனி. நக்கிளின் மேல் கீழ் பெயரிங்குகளுக்குப் பக்கத்தில் மெல்லிய தகடுகள் இருக்கும். எது மேலே, எது கீழே என்று நூலில் கட்டி எழுதி வையுங்கள். அவை மாறினால் பேர்ஃபீல்ட் நடுவில் நிற்காது, புதுச் சீலும் ஒரு பக்கமாகத் தேயும். பழைய கிறீஸை மண்ணெண்ணெயில் முழுதாகக் கழுவி, பேர்ஃபீல்டின் உருண்டைகள் ஓடும் தடங்களை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தடுக்கும் பள்ளம் இருந்தால், வளைவில் 'கடக் கடக்' என்று சத்தம் வரும் நாள் தூரத்தில் இல்லை.

வெள்ளைப் புகையைப் பற்றி நான் இங்கிருந்து நிச்சயமாகச் சொல்லக்கூடியது குறைவு. காலையில் மட்டும், ஒரு நிமிடம் இரண்டு நிமிடம், கண் எரியும் டீசல் மணத்தோடு வந்து பிறகு தெளிந்தால் பெரும்பாலும் குளோ பிளக், அதாவது ஸ்ராட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் பிளக். பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றி ஒவ்வொன்றாக மல்ரி மீற்றரில் பாருங்கள், செத்தது தொடர்பே காட்டாது. மாற்றும்போது பிளக்கின் உடம்பில் எழுதியிருக்கும் வோல்ற்றை வாசியுங்கள். இந்த எஞ்சின்களுக்கு ஒரே வோல்ற் பிளக் வரவில்லை. பிழையானதைப் போட்டால் ஒன்று சூடாகாது அல்லது நுனி எரிந்துபோகும். பிளக் நாலும் நல்லது, புகை தொடர்கிறது என்றால் டீசல் லைனில் காற்று இழுக்கிறதா, டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சும் இன்ஜெக்ரர் சொட்டுகிறதா, கொம்பிறெசன் குறைந்ததா என்று சந்தேகம் விரியும். 22 இற்கு 1 என்ற அளவில் காற்றை நெருக்கும் எஞ்சின் இது. ஒரு சிலிண்டர் தளர்ந்தாலும் காலையில் காட்டிக் கொடுக்கும். சூடான பிறகும் புகை நிற்காமல், இனிப்பான மணம் அடித்து, றேடியேற்றர் தண்ணீர் குறைந்துகொண்டே போனால் ஹெட் காஸ்கெற் அல்லது ஹெட் வெடிப்பு. இந்த எஞ்சின் ஒருதரம் நன்றாகக் கொதித்தால் ஹெட் வால்வுகளுக்கு நடுவில் வெடிக்கும் பழக்கம் உள்ளது. குளிர்ந்த எஞ்சினை ஸ்ராட் செய்து ஒரு நிமிடத்துக்குள் றேடியேற்றரின் மேல் ஹோஸை அமத்திப் பாருங்கள், அதற்குள்ளேயே கல்லாகிவிட்டால் நல்ல செய்தி இல்லை. ஒன்று மட்டும்: ஓடும் எஞ்சினில் இன்ஜெக்ரர் பைப்பைத் தளர்த்திப் பார்க்கும் பழைய முறையைச் செய்தால் சீலையால் மூடிச் செய்யுங்கள், கை கிட்டப் போகக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலுக்குள் இறங்கும். அது ஆஸ்பத்திரிக் கதை.

ஆனால் இதெல்லாவற்றுக்கும் முன்னால் டீசல் தாங்கியைப் பாருங்கள். நாலு வருடம் நின்றது என்றால் உள்ளே இருப்பது எந்தக் காலத்து டீசல்? 2022 இல் வரிசையில் நின்று வாங்கித் துருப்பிடித்த பீப்பாக்களில் ஒளித்து வைத்த டீசல் எல்லாம் பிறகு எத்தனையோ பம்புகளைத் தின்றது. கீழ்த் திருகைக் கழற்றி ஒரு போத்தலில் பிடித்து ஒரு இரவு வையுங்கள். அடியில் தண்ணீரோ கறுப்புக் கசடோ நின்றால் தாங்கியை இறக்கிக் கழுவி, ஃபில்ரர் மாற்றி, ஃபில்ரருக்கு மேலே இருக்கும் கைப் பம்பால் காற்று எடுத்த பிறகுதான் மறுபடி ஸ்ராட். மண்ணெண்ணெய் கலந்து ஓடலாம் என்று யாராவது சொல்வார்கள். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடை இருந்தபோது ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மொறிஸ் மைனரும் சில துளி பெற்றோலில் ஸ்ராட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின, நானே தள்ளியிருக்கிறேன். அவை பெற்றோல் கார்கள். உங்கள் பம்ப் டீசலால்தான் தனக்கே மசகு போட்டுக்கொள்கிறது. மண்ணெண்ணெயில் அந்த மசகு போதாது.

ரைமிங் பெல்ற், அதாவது வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே கணக்கில் ஓடவைக்கும் பெல்ற், பற்றி விவாதமே வேண்டாம், மாற்றுங்கள். 1,00,000 கிலோமீற்றருக்கு ஒரு தரம் என்பது கணக்கு, ஆனால் உங்கள் பெல்ற்றின் வயது ஒருவருக்கும் தெரியாது, அறுந்தால் வால்வ் பிஸ்டனில் அடிக்கும். மீற்றரில் பெல்ற் விளக்கு எரியவில்லையே என்று பார்க்க வேண்டாம், பெல்ற் மாற்றாமலே அதை அணைக்கலாம். குறிகளை ஒன்றுக்கு மூன்று தரம் சரிபார்த்து, போட்ட பிறகு ஸ்ராட்டரைத் தொடாமல் கையால் எஞ்சினை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் அதே இடத்தில் வந்து நிற்கின்றனவா என்று பாருங்கள். கை தடுக்கப்பட்டால் பலம் போட வேண்டாம். இழுவிசை கொடுக்கும் கப்பியையும் கையோடு மாற்றுங்கள். முன் கப்பியின் போல்ட் வீட்டு ஸ்பனருக்கு வராவிட்டால் அது மட்டும் கராஜில். இதில் வெட்கமில்லை.

இனி நீங்கள் ஆசைப்பட்டவை. எல்.ஈ.டி. விளக்கில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பலர் இதில்தான் வயர் எரிக்கிறார்கள். அந்தக் காலத்து ரொயோட்டாவில் முன் விளக்குக்கு எப்போதும் நேர் மின் நிற்கும், சுவிட்ச் வெட்டுவது எதிர்ப் பக்கத்தை, அதாவது ஏர்த்தை. மற்ற வாகனங்களில் செய்வதுபோல நேர் வயரில் றிலேக்கு (சிறு மின்னால் பெரிய மின்னைத் திறந்து மூடும் சுவிட்ச்) கட்டுப்பாடு எடுத்தால் விளக்கு அணையாது அல்லது மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். மீற்றர் வைத்து அளந்த பிறகே வயரைத் தொடுங்கள். பற்றறியில் இருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ், பிறகு றிலே. உண்மையில் நல்ல ஏர்த்தும் தடித்த வயரும் றிலேயும் போட்டாலே பழைய ஹலஜன் விளக்கு நீங்கள் எதிர்பார்க்காத வெளிச்சம் தரும். எல்.ஈ.டி. குமிழை ஹலஜன் கண்ணாடிக்குள் போட்டால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவரின் கண்ணில்தான் விழும். ஏ9 வீதியில் இரவில் ஓடுபவன் என்ற முறையில் இதை எரிச்சலோடு சொல்கிறேன்.

31 அங்குல ரயர். இந்த மொடலுக்கு வழமையான 205ஆர்16 ரயரின் விட்டம் சுமார் 73 சென்ரிமீற்றர். 31 அங்குலம் என்றால் ஏறக்குறைய 79. கிட்டத்தட்ட 7 வீதம் பெரிது. மீற்றர் 70 காட்டும்போது நீங்கள் 75 இல் போகிறீர்கள். எல்லாக் கியரும் அதே அளவு நீண்டுவிடும். 90 குதிரைவலுவுக்குக் கிட்டத்தட்ட நிற்கும் எஞ்சினுக்கு ஐந்தாம் கியர் பெயருக்குத்தான் இருக்கும். பிறேக்குக்கும் அதே சுமை கூடும். ரயரை விட உயர்த்தல்தான் எனக்குப் பயம். முன்பு சொன்ன வால்வில் இருந்து ஒரு கம்பி பின் அக்சிலுக்குப் போகிறது. சுமை ஏற்றினால் சசி இறங்கும், கம்பி அதை உணர்ந்து பின் பிறேக்குக்குக் கூட அழுத்தம் விடும். பின்பக்கத்தை இரண்டு அங்குலம் உயர்த்தினால் வால்வ் என்ன நினைக்கும்? பெட்டி எப்போதும் வெறுமை என்று நினைக்கும். பிறகு நீங்கள் பத்து மூட்டை நெல் ஏற்றினாலும் பின் பிறேக் பாதிதான் பிடிக்கும். உயர்த்தும் கட்டைகளை விற்பவர் இதைச் சொல்வதில்லை. கம்பியின் தாங்கியையும் அதே அளவுக்கு மாற்ற வேண்டும். அதோடு முன் பிறேக் ஹோஸ்களின் நீளம், டிறைவ் சாஃப்ட் கோணம், ஸ்ரியறிங் கம்பி. ஸ்பிறிங் அமுங்கிப் போனதால் உயர்த்த நினைக்கிறீர்கள் என்றால் புதுத் தகடு அடித்து, ஸ்பிறிங்கைச் சசியோடு பிடிக்கும் புஷ்ஷும் சக்கிளும் மாற்றுங்கள், பழைய உயரம் திரும்ப வந்ததும் ஆசை தீர்ந்துவிடும். மேலதிகத் தகடு வைத்தால் கூடச் சுமை ஏற்றலாம் என்பதும் பிழை: ஸ்பிறிங் தாங்கும், அக்சில் பெயரிங்குக்கும் பிறேக்குக்கும் அது தெரியாது.

ரேர்போ வேண்டாம். காரணம் மேலே சொல்லிவிட்டேன்: கொதித்தால் வெடிக்கும் ஹெட், ஏற்கனவே உயர்ந்த கொம்பிறெசன், முப்பது வருடம் ஓடிய பிஸ்டன். நன்றாக ஓடும் ரேர்போ போட்ட 3எல்களும் இருக்கின்றன, பொய் சொல்லவில்லை. அவற்றின் சொந்தக்காரர்கள் வெளிச்செல்லும் புகையின் வெப்பத்தை மீற்றர் வைத்துப் பார்த்து ஓடுபவர்கள், ஒரு எஞ்சின் போனால் இன்னொன்று வாங்கக்கூடியவர்கள். எஞ்சின் தேய்ந்துவிட்டது, கூட இழுவை வேண்டும் என்றால் நல்ல 5எல் ஒன்று தேடுவது நேர்மையான வழி. ஒரே குடும்பம் என்பதால் பொருத்துவதில் பெரிய வெட்டுக்கொத்து இல்லை. ஆனால் எஞ்சின் நம்பர் மாறினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும், நிறம் மாற்றினாலும் அப்படித்தான். விற்றவரிடம் இருந்து எஞ்சினுக்கான இறக்குமதிப் பத்திரங்களை வாங்காமல் காசு கொடுக்க வேண்டாம். வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனையும் தாண்ட வேண்டும், பம்பைக் கூட்டிக் கறுப்புப் புகை விடும் வண்டி அங்கே நின்றுவிடும். 2025 ஜனவரியில் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் மேலதிகமாகப் பூட்டியவற்றைப் பொலிஸ் கழற்ற வைத்தது நினைவிருக்கும். முன்னால் இரும்புக் குழாய் வளைத்துப் பூட்டும் எண்ணம் இருந்தால் அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சனிக்கிழமை ஸ்பனரைத் தொட வேண்டாம். சசியைத் தட்டுங்கள், தாங்கி டீசலைப் போத்தலில் பிடியுங்கள், முன் சில்லுக் கறுப்பை விரலில் எடுத்து மணந்து பாருங்கள், பிறேக் மிதி அந்த மூன்றில் எந்த விதமாகப் போகிறது என்று பாருங்கள். நாலுக்கும் என்ன கண்டீர்கள் என்று இங்கேயே எழுதுங்கள், பின் சட்டம் வளையும் இடத்தைச் சுரண்டிவிட்டு ஒரு படமும் போடுங்கள். 54 சொக்கெற் கிளிநொச்சியில் கிடைக்காவிட்டால் வவுனியாவுக்கு வாருங்கள், என்னிடம் இரண்டு இருக்கிறது.